பாம்புக் கூண்டின் சூடு சொன்னபடி நிற்கவில்லையா? அறிகுறியை வைத்துக் காரணத்தைப் பிடிப்பது எப்படி

பால் பைதான் (பந்துபோல் சுருண்டுகொள்ளும் ஆப்பிரிக்க மலைப்பாம்பு) வாங்கிப் பழக்கமில்லாதவர்கள் அனுப்பும் கேள்வி பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்: “தெர்மாமீட்டர் 27 காட்டுகிறது. பெரிய பல்ப் போடட்டுமா?” பதில் சொல்வதற்கு முன் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான். அந்த 27 எந்த இடத்தினுடையது? கண்ணாடிச் சுவரா, நடுக் காற்றா, பாம்பு படுத்திருக்கும் தரையா? திரையில் தெரிவது சென்சார் இருக்கும் புள்ளியின் வெப்பம். கூண்டின் வெப்பமும் இல்லை, பாம்பின் வெப்பமும் இல்லை. கீழே வரும் சிக்கல்களில் பலவற்றுக்கு ஹீட்டரை மாற்றவே வேண்டியதில்லை. அளக்கும் இடத்தை மாற்றினால் போதும்.

கனடாவில், அதிலும் ஒன்டாரியோவில் பேஸ்மென்ட்டிலோ அபார்ட்மென்ட்டிலோ வைத்து வளர்ப்பவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன். பால் பைதானின் சொந்த ஊர் கானா, டோகோ, பெனின் முதலான மேற்கு, மத்திய ஆப்பிரிக்க நாடுகள். வெளியே மைனஸ் பதினைந்து இருக்கும் ஜனவரியில் அந்த ஊர் வெப்பத்தை ஒரு பெட்டிக்குள் நிறுத்தி வைக்கப் பார்க்கிறோம். எந்தப் பாம்பை வைத்திருக்கலாம் என்பது நகரத்துக்கு நகரம் மாறும் என்பதால் உங்கள் நகராட்சி விதியை முதலில் பாருங்கள். தமிழ்நாட்டிலிருந்து படிப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: நம் ஊர்ப் பாம்பு எதையும் வீட்டில் வளர்க்க 1972 ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இடம் தராது. பால் பைதான் போன்ற வெளிநாட்டு இனம் என்றாலும், 2022 திருத்தத்துக்குப் பிறகு பதிவு செய்தாக வேண்டும்.

முதலில், எந்த எண் வேண்டும்?

பால் பைதானுக்குச் சூட்டுப் பக்கத்தில் பாம்பு படுக்கும் மேற்பரப்பு 31 முதல் 33 டிகிரி செல்சியஸ். குளிர்ப் பக்கம் 25 முதல் 27. இரவில் கொஞ்சம் இறங்கினால் பரவாயில்லை, 24க்குக் கீழே வழக்கமாகப் போகக் கூடாது. வீட்டில் வளர்க்கும் இன்னொரு பாம்பான கார்ன் ஸ்னேக் என்றால் சூடான மேற்பரப்பு 29 முதல் 31, குளிர்ப் பக்கம் 22 முதல் 25 போதும். இந்த இரண்டு முனைக்கும் நடுவே உள்ள சரிவுதான் முக்கியம். பாம்பு தன் உடம்பின் சூட்டைத் தானே உண்டாக்குவதில்லை. இடம் மாறி இடம் மாறித்தான் சரிசெய்துகொள்கிறது. கூண்டு முழுக்க ஒரே 30 என்றால் அதற்குப் போக்கிடம் இல்லை.

இங்கே கடையில் கிடைக்கும் கருவிகளில் பல அமெரிக்கச் சந்தைக்குச் செய்தவை, ஃபாரன்ஹீட்டில்தான் விழிக்கும். 90 ஃபாரன்ஹீட் என்பது 32 செல்சியஸ், 80 என்பது 27, 75 என்பது 24. இந்த மூன்றை மனதில் வைத்துக்கொண்டால் பாதித் தலைவலி தீரும். தெர்மோஸ்டாட் (சூட்டை உணர்ந்து ஹீட்டரைத் தானே எரித்து அணைக்கும் கருவி) ஒன்றிலும் தெர்மாமீட்டர் மற்றொன்றிலும் இருந்தால் எது எது என்று குழம்புவது நிச்சயம். இரண்டையும் ஒரே அளவுக்கு மாற்றிவிடுங்கள்.

கருவிகள் மூன்று போதும். நீள ஒயரின் முனையில் ப்ரோப் (வெப்பத்தை உணரும் சென்சார் முனை) உள்ள டிஜிட்டல் தெர்மாமீட்டர், அதில் அதிகபட்சம், குறைந்தபட்சம் இரண்டையும் நினைவில் வைக்கும் வசதி இருக்க வேண்டும். கையில் பிடித்து அளக்கும் அகச்சிவப்பு துப்பாக்கி ஒன்று. அப்புறம் தெர்மோஸ்டாட். தெர்மோஸ்டாட் இல்லாமல் ஹீட் மேட் (கூண்டுக்கு அடியில் வைக்கும் சூட்டு விரிப்பு), பல்ப், செராமிக் (வெளிச்சமில்லாமல் சூடு மட்டும் தரும் ஹீட்டர்) எதையும் நேராகப் ப்ளக்கில் செருகாதீர்கள். இதில் எனக்குச் சமரசமே கிடையாது.

இன்னொன்று. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மாற்றிவிட்டு ஒரு நாள் முழுக்க விட்டுப் பாருங்கள். ப்ரோபை நகர்த்தி, பல்பை மாற்றி, மூடியில் துணியும் போட்டால், சரியானாலும் எதனால் சரியானது என்று தெரியாது.

அறிகுறி: இரண்டு தெர்மாமீட்டர் இரண்டு எண் காட்டுகின்றன

முதலில் இரண்டையும் ஒரே இடத்தில், ப்ரோப் முனைகள் ஒட்டினாற்போல் வைத்து அரை மணி நேரம் காத்திருங்கள். இப்போது வித்தியாசம் ஒரு டிகிரிக்குள் வந்துவிட்டால் கருவிகளில் குறையில்லை. முன்பு அவை வெவ்வேறு இடத்தை அளந்துகொண்டிருந்தன, அவ்வளவுதான். மலிவான நல்ல சென்சார்களே கூடக் கால், அரை டிகிரி முன்னே பின்னே காட்டும். அதற்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

வித்தியாசம் அப்படியே நின்றால் எது பொய் சொல்கிறது என்று பார்க்க ஐஸ் போதும். ஒரு டம்ளர் நிறைய ஐஸைப் பொடியாக உடைத்துப் போட்டு, இடுக்குகள் நிரம்பும் அளவுக்கு மட்டும் குளிர்ந்த தண்ணீர் ஊற்றிக் கலக்குங்கள். ஐஸ் மிதக்கும் தண்ணீராக இருக்கக் கூடாது, குழைந்த ஐஸாக இருக்க வேண்டும். நீர் புகாத ப்ரோபை அதன் நடுவில், அடியையோ சுவரையோ தொடாமல் பிடித்து, இரண்டு மூன்று நிமிடம் கலக்கிக்கொண்டே இருங்கள். எண் இறங்கி ஓரிடத்தில் நிற்கும். அது பூஜ்யமாக இருக்க வேண்டும். 1.2 காட்டினால் அந்தக் கருவி 1.2 கூட்டிச் சொல்கிறது என்று ஒரு ஸ்டிக்கரில் எழுதி அதன் முதுகில் ஒட்டிவிடுங்கள். பூஜ்யத்தில் தவறுவது 32லும் அதே அளவு தவறும் என்று உறுதியாகச் சொல்ல முடியாது, ஆனால் மூன்று நான்கு டிகிரி தவறும் கருவியைக் குப்பையில் போட இந்தச் சோதனை போதும். ஈரப்பதமும் சேர்த்து அளக்கும் பெட்டிகளை மட்டும் தண்ணீரில் முக்கிவிடாதீர்கள்.

கடையில் கூண்டோடு சேர்த்துத் தரும், சுவரில் ஒட்டும் வட்ட முள் தெர்மாமீட்டரைப் பற்றி நல்ல வார்த்தை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. முள் சரியாகவே வேலை செய்தாலும் அது ஒட்டியிருப்பது கண்ணாடியில். கண்ணாடியின் மறுபக்கம் அறைக் காற்று. சோறு வெந்ததா என்று பானையின் வெளிப்பக்கத்தைத் தொட்டுப் பார்ப்பது போலத்தான்.

அகச்சிவப்பு துப்பாக்கி ப்ரோபோடு ஒத்துப்போகவில்லை என்றால் மூன்று காரணங்களைப் பாருங்கள். ஒன்று, கண்ணாடி வழியாகச் சுட்டிருப்பீர்கள். கண்ணாடி அந்த அகச்சிவப்பை உள்ளிருந்து வெளியே விடாது, ஆகவே நீங்கள் படித்தது கண்ணாடியின் வெப்பம். மூடியைத் திறந்து அளக்க வேண்டும். இரண்டு, தூரம். 12:1 என்று போட்டிருக்கும் கருவி 60 சென்டிமீட்டர் தள்ளி நின்றால் 5 சென்டிமீட்டர் வட்டத்தின் சராசரியைச் சொல்லும். அந்தச் சிவப்புப் புள்ளி குறி பார்க்க மட்டும், அளப்பது அதுவல்ல. மூன்று, பளபளக்கும் உலோகம், அலுமினியத் தாள் மேல் அளந்தால் எண்ணை நம்ப முடியாது. மரம், கல், கூண்டில் பரப்பும் தேங்காய் நார்த்தூள், பாம்பின் முதுகு எல்லாவற்றிலும் சரியாக வரும்.

அறிகுறி: ஹீட்டர் எரிகிறது, ஆனால் சூட்டுப் பக்கம் 28ஐத் தாண்ட மாட்டேன் என்கிறது

தெர்மோஸ்டாட்டின் விளக்கைக் கால் மணி நேரம் கவனியுங்கள். விளக்கு அணையாமல் எரிந்துகொண்டே இருக்கிறதா, அல்லது அணைந்து அணைந்து எரிகிறதா? (மங்க வைக்கும் வகையாக இருந்தால் பல்ப் முழு வெளிச்சத்தில் நிற்கிறதா, மங்கலாக இருக்கிறதா என்று பாருங்கள்.) பாதை இங்கேதான் இரண்டாகப் பிரிகிறது.

அணைந்து எரிகிறது என்றால் தெர்மோஸ்டாட் “போதும்” என்று நினைக்கிறது. ஹீட்டருக்கு இன்னும் பலம் இருக்கிறது. அப்படியானால் ப்ரோப் ஹீட்டருக்கு மிக அருகில், அல்லது பல்பின் நேர் வெளிச்சத்தில் இருக்கிறது. ப்ரோப் 32 ஆகிவிட்டது, கீழே தரை 28தான். ப்ரோபைப் பாம்பு படுக்கும் உயரத்துக்கு இறக்குங்கள். அல்லது இடத்தை அப்படியே வைத்துவிட்டு, தரையில் 32 வரும்வரை தெர்மோஸ்டாட் எண்ணை ஒவ்வொரு டிகிரியாக ஏற்றுங்கள். தெர்மோஸ்டாட்டில் 36 என்று இருந்தால் மனம் பதறும்தான். பதற வேண்டாம். தெர்மோஸ்டாட்டில் உள்ள எண் வெறும் திருகு, தரையில் தனித் தெர்மாமீட்டர் காட்டுவதுதான் கணக்கு.

அணையாமல் எரிகிறது என்றால் ஹீட்டர் முழுப் பலத்தையும் கொடுத்தும் போதவில்லை. சூடு எங்கே ஓடுகிறது என்று தேடுங்கள். கண்ணாடித் தொட்டியும் கம்பிவலை மூடியும் என்றால் சூடு மேலே பறந்துவிடும். பல்ப் இல்லாத பகுதி மூடியை அரைவாசி அடைத்தாலே வித்தியாசம் தெரியும். பல்பை ஒட்டி மட்டும் எதையும் போடாதீர்கள், தீப்பிடிக்கும். மூன்று பக்கச் சுவருக்கும் வெளியே தெர்மகோல் அட்டை வைக்கலாம். பேஸ்மென்ட்டின் சிமென்ட் தரையில் நேராக வைத்திருந்தால் ஒரு மேசைமேல் தூக்கி வையுங்கள். இதெல்லாம் செய்த பிறகும் ஏறவில்லை என்றால்தான் அதிக வாட் பல்ப். செராமிக் ஹீட்டருக்குப் பீங்கான் ஹோல்டர் வேண்டும், பிளாஸ்டிக் ஹோல்டர் உருகும்.

ஹீட் மேட் வைத்திருப்பவர்களின் கதை வேறு. மேட் காற்றைச் சூடாக்காது, மேலே உள்ள பரப்பைத்தான் சூடாக்கும். அது போட்டும் காற்று 24லேயே நிற்கிறது என்று சொல்வது மேட்டின் குற்றமல்ல. காற்று ஏற வேண்டுமென்றால் மேலிருந்து ஒரு ஹீட்டர் தேவை. அடுத்து படுக்கையின் கனம். பத்து சென்டிமீட்டர் தேங்காய் நார்த்தூளைப் பரப்பிவிட்டு மேற்பரப்பில் சூடு வரவில்லை என்று எண்ணை ஏற்றுவது ஆபத்து. நார்த்தூள் நல்ல தடுப்பு. சூடு கீழே தேங்கி, கண்ணாடி கொதிக்கும். பாம்பு ஒருநாள் தோண்டிக்கொண்டு அடிக்குப் போகும். ஆகவே மேட் இருந்தால் நார்த்தூளை ஒதுக்கிவிட்டு வெறும் கண்ணாடியின்மேல் அளந்து, அங்கே 33ஐத் தாண்டாதபடி வையுங்கள். (இங்கே செங்கல் வடிவில் அழுத்தி விற்கும் நார்த்தூளில் பெரும்பங்கு பொள்ளாச்சிப் பக்கமிருந்தும் இலங்கையிலிருந்தும் கப்பலேறி வருவது. ஊர்த் தேங்காயின் மேல் ஆப்பிரிக்கப் பாம்பு கனடாவில் படுத்திருக்கிறது.)

மேட்டின் ப்ரோப் கூண்டுக்குள் வேண்டாம். வெளியே, மேட்டுக்கும் கண்ணாடிக்கும் நடுவே வைத்து ஒட்டுங்கள். உள்ளே இருந்தால் பாம்பு தள்ளிவிடும், அல்லது அதன்மேல் சிறுநீர் கழிக்கும்.

அறிகுறி: எண் 38, 40 என்று ஏறுகிறது

இது மட்டும் அவசரம். யோசிக்காமல் ப்ளக்கைப் பிடுங்குங்கள், கூண்டைத் திறந்துவிடுங்கள், பாம்பை ஒரு துணிப்பைக்குள்ளோ வேறு பெட்டிக்குள்ளோ அறை வெப்பத்தில் வையுங்கள். ஐஸ் தண்ணீரில் முக்குவது, ஃபிரிட்ஜ் அருகே வைப்பது எல்லாம் வேண்டாம். பாம்பு தலையை மேல்நோக்கி வளைத்துக்கொண்டு நிற்பது, புரட்டிப் போட்டால் திரும்ப முடியாமல் தடுமாறுவது, வாயைத் திறந்தே வைத்திருப்பது ஆகியவை மூளைவரை சூடு போனதன் அடையாளமாக இருக்கலாம். அப்போது ஊர்வன பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் உடனே போக வேண்டும்.

பாம்பு பத்திரமான பிறகு காரணத்தைத் தேடுங்கள். முதல் சந்தேகம் ப்ரோப் இடம் பெயர்ந்திருப்பது. தெர்மோஸ்டாட்டுக்குக் கண் கிடையாது. ப்ரோப் கூண்டுக்கு வெளியே விழுந்து அறையின் 20 டிகிரியை உணர்ந்தால், உள்ளே குளிர்கிறது என்று நினைத்து முழு மின்சாரத்தையும் திறந்துவிடும். ப்ரோப் தண்ணீர்க் கிண்ணத்துக்குள் விழுந்தாலும் கதை இதேதான். பால் பைதான் சோம்பேறி என்பார்கள். ராத்திரியில் அது சுவரோரம் மூக்கை நுழைத்துத் தள்ளும் பலத்தைப் பார்த்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள். ஒயரைப் பிளாஸ்டிக் க்ளிப், ஜிப் டை, ஹாட் க்ளூ ஏதாவது ஒன்றால் இரண்டு இடத்தில் இறுக்குங்கள். கூண்டுக்குள் டேப் மட்டும் ஒட்டவே கூடாது. டேப்பின் பசை செதிலில் பிடித்துக்கொண்டால் பாம்பு திமிறும்போது தோலோடு உரியும். ஏற்கெனவே ஒட்டிக்கொண்டிருந்தால் இழுக்காதீர்கள். கொஞ்சம் சமையல் எண்ணெயை டேப்பின் விளிம்பில் விட்டு, ஊறவைத்து, வாலை நோக்கி, செதில் படிந்திருக்கும் திசையிலேயே மெதுவாக உருட்டி எடுங்கள்.

ப்ரோப் இடத்தில்தான் இருக்கிறது என்றால் தெர்மோஸ்டாட்டின் உள்ளே ரிலே (மின்சாரத்தைத் திறந்து மூடும் சுவிட்ச்) ஒட்டிக்கொண்டிருக்கலாம். எண்ணைக் கீழே, 20க்கு இறக்குங்கள். ‘டக்’ என்று சத்தம் வந்து ஹீட்டர் அணைய வேண்டும். அணையவில்லை என்றால் அந்தத் தெர்மோஸ்டாட்டைத் தூக்கி எறிந்துவிடுங்கள். திறந்து தட்டிச் சரிசெய்து மறுபடி பயன்படுத்துவது வேண்டாம். இந்தப் பயத்துக்கு மருந்து, இரண்டாவது மலிவான தெர்மோஸ்டாட் ஒன்றை வரிசையில் முன்னால் போட்டு, அதன் ப்ரோபைத் தனியாக வைத்து, மூன்று டிகிரி கூடுதலாக அமைப்பது. முதலாவது பழுதானால் இது வெட்டிவிடும்.

“பாம்புக்குச் சுட்டால் தானே நகர்ந்து போகாதா?” என்று கேட்பார்கள். போகாமல் படுத்தே வெந்த பாம்புகளை ஊர்வன மருத்துவர்கள் அடிக்கடி பார்க்கிறார்கள். இத்தனைக்கும் பால் பைதானின் உதட்டோரக் குழிகள் இருட்டில் எலியின் உடல் சூட்டைக் கண்டுபிடிப்பவை. அந்த உணர்வுக்குக் காரணம் டிஆர்பிஏ1 என்ற புரதம் என்று அமெரிக்க விஞ்ஞானி டேவிட் ஜூலியஸின் ஆய்வகம் 2010ல் காட்டியது. 2021ல் நோபல் பரிசை வாங்கியவர்களில் ஒருவர் அதே ஜூலியஸ். முகத்தில் அத்தனை நுணுக்கமான கருவி இருந்தும், வயிற்றுக்கடியில் சுடும் கண்ணாடியிலிருந்து அது விலகும் என்று நம்பிவிட முடியாது. அடிவயிற்றுச் செதில்களில் இளஞ்சிவப்போ பழுப்போ நிறமாற்றம், கொப்புளம், உரிதல் தெரிந்தால் தீக்காயம் என்றே கொள்ளுங்கள். வீட்டு களிம்பு வேண்டாம்.

அறிகுறி: எண் ஏறி இறங்கி ஊஞ்சலாடுகிறது

பாதி நேரம் இது வெறும் ஆன்-ஆஃப் தெர்மோஸ்டாட்டின் குணம். 32க்கு அணைந்து, 30க்கு இறங்கியபின் எரியும். தரையில் இரண்டு டிகிரிக்குள் ஆடினால் பாம்புக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் வெளிச்சம் தரும் பல்பை இப்படி அணைத்து அணைத்து எரித்தால் பாம்புக்கும் எரிச்சல், பல்பும் சீக்கிரம் போகும். பல்புக்கு மங்க வைக்கும் வகைத் தெர்மோஸ்டாட் வாங்குங்கள். செராமிக்குக்கும் மேட்டுக்கும், மின்சாரத்தைச் சின்னச் சின்னத் துடிப்பாக அனுப்பும் பல்ஸ் வகை நன்றாக ஒத்துப்போகும்.

நான்கைந்து டிகிரி ஆடுகிறது என்றால் ப்ரோப் அந்தரத்தில் தொங்குகிறதா, காற்றுத் துவாரத்துக்கு எதிரே இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு தட்டைக் கல்லின்மேல் கிடத்தி வைத்தால் ஆட்டம் அடங்கும். கல் சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

அறிகுறி: பகலில் எல்லாம் சரி, விடிகாலையில் குளிர்ந்து கிடக்கிறது

நீங்கள் பார்க்கும் நேரத்தில் எண் எப்போதும் நன்றாகத்தான் இருக்கும், ஏனென்றால் நீங்கள் விழித்திருக்கிறீர்கள், வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸும் ஓடுகிறது. குறைந்தபட்ச நினைவை இரவு படுக்கும்போது அழித்துவிட்டு, காலையில் எழுந்ததும் படியுங்கள். 21 என்று இருந்தால் எந்த நேரத்தில் இறங்கியது என்று தெரிய வேண்டும். இங்கே வைஃபை சென்சார் அல்லது டேட்டா லாகர் (எண்ணை நேரத்தோடு பதிந்து வைக்கும் கருவி) உதவும்.

அது வரைந்து காட்டும் கோட்டின் வடிவமே காரணத்தைச் சொல்லிவிடும். இரவு பத்து மணிக்குச் செங்குத்தாக விழுந்து பிறகு சமமாகப் போனால், டைமர் பல்பை அணைத்திருக்கிறது, இரவுக்கு மாற்று ஹீட்டர் இல்லை. வெளிச்சமில்லாத செராமிக்கைச் சேருங்கள், சிவப்பு பல்ப் வேண்டாம். பதினொன்றிலிருந்து மெதுவாகச் சரிந்து ஆறு மணிக்குத் திடீரென ஏறினால், அது உங்கள் வீட்டுச் சுவரில் உள்ள தெர்மோஸ்டாட்டின் வேலை. ஹைட்ரோ பில்லும் (இங்கே கரண்ட் பில்லுக்கு அதுதான் பெயர்) காஸ் பில்லும் குறைய வேண்டுமென்று இரவில் 17க்கு இறக்கி வைத்திருப்பீர்கள். வாடகை பேஸ்மென்ட் என்றால் மேல் வீட்டுக்காரர் இறக்கியிருப்பார், அவரிடம் பாம்புக்காக ஏற்றச் சொல்லிக் கேட்பது எப்படிப் போகும் என்று உங்களுக்கே தெரியும். கூண்டுக்குத் தடுப்பைக் கூட்டுவதுதான் வழி. இருபது நிமிடத்துக்கு ஒருமுறை கூர்மையாக விழுந்து எழுந்தால் ஜன்னல் காற்றோ, ஃபர்னஸ் காற்று வரும் துவாரமோ கூண்டின்மேல் அடிக்கிறது.

எச்சரிக்கை மணி வைப்பதானால் சூட்டுப் பக்கத்துக்கு மேல் எல்லை 35, குளிர்ப் பக்கத்துக்குக் கீழ் எல்லை 22 என்று வையுங்கள். அதைவிட நெருக்கி வைத்தால் தினமும் கூவும், நான்காம் நாள் நீங்களே அணைத்துவிடுவீர்கள்.

அறிகுறி: குளிர்ப் பக்கமும் 30

சின்னத் தொட்டி, பெரிய பல்ப் என்றால் இப்படித்தான் ஆகும். வாட்டைக் குறைத்து, ஹீட்டரை நடுவிலிருந்து ஒரு மூலைக்கு நகர்த்துங்கள். ஜூலையில் ஏசி இல்லாத மாடி அறையே 31 தொடும்போது கூண்டை மட்டும் 26 ஆக்க முடியாது. வீட்டின் குளிர்ந்த அறைக்கு மாற்றுங்கள், அந்த நாட்களில் சூடும் தேவையில்லை. பேஸ்மென்ட்டுக்கு அப்போதுதான் ராஜயோகம்.

அறிகுறி: எல்லா எண்ணும் சரி, பாம்புதான் சரியில்லை

அப்படியானால் நீங்கள் பாம்பு இருக்கும் இடத்தை அளக்கவில்லை. பால் பைதான் பொழுதின் பெரும்பகுதியை மறைவிடத்துக்குள் கழிக்கும். மறைவிடத்தின் கூரைமேல் 32, உள்ளே தரையில் 27 என்பது சாதாரணம். பாம்பு வெளியே வந்திருக்கும் நேரம் பார்த்து மறைவிடத்தைத் தூக்கி, அது சுருண்டு கிடந்த இடத்தில் அகச்சிவப்பு துப்பாக்கியால் அளந்து பாருங்கள். முடிந்தால் ஒரு ப்ரோபை நிரந்தரமாக உள்ளே விடுங்கள்.

நாள் முழுக்கச் சூட்டுப் பக்கத்திலேயே ஒட்டிக்கிடக்கிறது என்றால் பொதுவாகச் சூடு போதவில்லை. ஆனால் சாப்பிட்ட பின் இரண்டு மூன்று நாள் அங்கே கிடப்பது செரிமானத்துக்காக, அதைக் கலைக்காதீர்கள். குளிர்ப் பக்கத்திலேயே, அதிலும் தண்ணீர்க் கிண்ணத்துக்குள் கிடந்தால் சூடு அதிகம். தோல் உரிக்கப் போகும்போதும், உண்ணி இருந்தாலும் தண்ணீரில் கிடக்கும் என்பதால் அதையும் பாருங்கள். குளிர்ப் பக்கத்தில் நல்ல மறைவிடம் இல்லாவிட்டாலும் கணக்குத் தப்பும். பாம்பு வெப்பத்தைவிடப் பாதுகாப்பையே தேர்ந்தெடுக்கும், நாம் அதைச் சூடு வேண்டும் என்று படித்துவிடுவோம். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி மறைவிடம் வைத்த பிறகுதான் அதன் விருப்பம் நமக்குத் தெரியும்.

விழுங்கிய எலியைக் கக்கிவிட்டால் முதலில் அந்த இரவின் குறைந்தபட்ச எண்ணைப் பாருங்கள். குளிரில் செரிமானம் நின்று, இரை உள்ளேயே அழுக ஆரம்பிக்கும். வெப்பத்தைச் சரிசெய்யுங்கள், தண்ணீர் வையுங்கள், குறைந்தது இரண்டு வாரம் எதுவும் கொடுக்காதீர்கள். அடுத்த முறை சின்ன எலியாக. மறுபடி கக்கினால் மருத்துவர். மூச்சு விடும்போது கீச்சொலி, மூக்கில் சளிக் குமிழ், தலையைத் தூக்கியே வைத்திருப்பது எல்லாம் நுரையீரல் தொற்றாக இருக்கலாம். சூட்டை ஏற்றிப் பார்ப்போம் என்று நாட்களைக் கடத்தாதீர்கள்.

குளிர்காலத்தில் சாப்பிட மறுப்பதை மட்டும் கொஞ்சம் பொறுமையாகப் பாருங்கள். பால் பைதான் மாதக்கணக்கில் பட்டினி கிடந்து பிறகு ஒன்றுமே நடக்காதது போலச் சாப்பிடும் ஜாதி. எடை விழாமல், எண்கள் ஒழுங்காக இருந்தால் விட்டுவிடலாம்.

அறிகுறி: வெப்பத்தை ஏற்றினேன், ஈரப்பதம் விழுந்துவிட்டது

விழத்தான் செய்யும். காற்றில் உள்ள நீர் அதே அளவு இருக்க, காற்று சூடானால் சதவீதம் இறங்கும். இங்கே ஜனவரியில் வீட்டுக் காற்றே காய்ந்து கிடக்கும். பால் பைதானுக்கு 60 சதவீதத்தை ஒட்டி வேண்டும், உரிக்கும் நாட்களில் இன்னும் கொஞ்சம். மேலே தெளித்துக்கொண்டே இருப்பதைவிட நார்த்தூளின் ஒரு மூலையில் தண்ணீர் ஊற்றி அடிப்பக்கம் ஈரமாக வைப்பது நிலைத்து நிற்கும். ஈரப்பத மீட்டரைச் சோதிக்க, ஒரு மூடியில் உப்பைச் சில சொட்டுத் தண்ணீரில் ஈர மணல் பதத்துக்குக் குழைத்து, மீட்டரோடு சேர்த்துக் காற்றுப் புகாத பையில் ஓர் இரவு வையுங்கள். காலையில் 75 காட்ட வேண்டும்.

அறிகுறி: திரையில் எண்ணே இல்லை, அல்லது அபத்தமான எண்

முதலில் பேட்டரி. அப்புறம் ஒயர்: ப்ரோப் நுழையும் இடத்தில் கூண்டின் கதவு தினமும் நசுக்கி உள்ளே கம்பி அறுந்திருக்கும். ஒயரை அசைக்கும்போது எண் துள்ளினால் அதுதான். டிஎஸ்18பி20 சென்சாரை வைத்துச் சொந்தமாகக் கருவி செய்தவர்களுக்கு: 85 என்று வந்தால் பாம்பு வேகவில்லை, சென்சார் மின்சாரம் வந்தவுடன் அளக்காமலே சொல்லும் எண் அது. மைனஸ் 127 என்றால் இணைப்பு இல்லை, 4.7 கிலோ ஓம் ரெசிஸ்டரைப் பாருங்கள். டிஎச்டி11 என்ற சென்சார் இரண்டு டிகிரி வரை தவறக்கூடியது, அதை இந்த வேலைக்கு வைக்காதீர்கள். சொந்தக் கருவி எதுவானாலும் அது எண்ணைக் காட்டட்டும், ஹீட்டரை ஆள வேண்டாம்.

அறிகுறி: எல்லாமே அணைந்துவிட்டது, தெருவிலும் விளக்கில்லை

2013 டிசம்பர் உறைமழையில் டொரொன்டோவில் லட்சக்கணக்கான வீடுகளில் மின்சாரம் போய், சில இடங்களில் கிறிஸ்மஸ் தாண்டியும் வரவில்லை. ஓரிரு மணி நேர இருட்டுக்குக் கூண்டை ஒரு கம்பளியால் போர்த்திவிட்டுத் திறக்காமல் இருந்தால் போதும். உள்ளே 20ஐ நெருங்குகிறது, மின்சாரம் வரும் அறிகுறி இல்லை என்றால் பாம்பைத் தலையணை உறைக்குள் விட்டு, உறையின் வாயை முடிந்து, தெர்மகோல் பெட்டிக்குள் வையுங்கள். வெந்நீர்ப் பையைத் தடித்த துண்டில் சுற்றிப் பெட்டியின் ஒரு ஓரத்தில், உறையைத் தொடாமல் வைக்க வேண்டும். பேட்டரி தெர்மாமீட்டரின் ப்ரோப் தலையணை உறையை ஒட்டி இருக்கட்டும், 25 முதல் 28 வரை காட்டினால் நல்லது. கையைச் சூடாக்கும் இரும்புப்பொடிப் பொட்டலங்கள் ஆக்சிஜனை உறிஞ்சும் என்பதால், காற்றுத் துளையில்லாத பெட்டிக்குள் அவை கூடாது. கரி அடுப்பை வீட்டுக்குள் கொண்டுவரவே வேண்டாம், அது பாம்புக்கு முன்பே உங்களைக் கொல்லும்.

இருட்டு நீடிக்கும்வரை இரை கொடுக்காதீர்கள். மின்சாரம் வந்ததும் பாம்பை உடனே கூண்டில் விடாமல், தெர்மோஸ்டாட் தன் பழைய எண்ணை நினைவில் வைத்திருக்கிறதா என்று பாருங்கள். சில மலிவான கருவிகள் மின்வெட்டுக்குப் பின் தொழிற்சாலை அளவுக்குத் திரும்பிவிடும். சூட்டுப் பக்கம் 32லும் குளிர்ப் பக்கம் 26லும் நின்ற பிறகு பாம்பை உள்ளே விடலாம். இரை இன்னும் ஒரு வாரம் கழித்து.